பொருத்தமும் பொது நியமமும்: இல்லத்து இசைத்தொகுதியில் முன்விரியலாக்கியின் வரலாறு

1. தோற்றுவாய்

தொழினுட்ப வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பெருங்கருவிகளையும் அவற்றைக் கண்டறிந்த தனிமனிதரையுமே தம் கருத்திற் கொண்டனர். இசையை இல்லத்திற்குக் கொண்டுவந்த கருவிகளின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டு வந்துள்ளது. எடிசனின் 1877ஆம் ஆண்டுப் போனோகிராப், பேர்லினரின் 1887ஆம் ஆண்டுக் கிராமபோன், லீ டி பொறெஸ்ற்றின் 1906ஆம் ஆண்டு மூவாயி வால்வு என அது ஒரு கண்டுபிடிப்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிச் செல்லும். இவ்வரிசையில் முன்விரியலாக்கி என்னும் சிறு பெட்டிக்கு இடம் கிடைப்பதில்லை. இசைத்தட்டு, வானொலி, ஒலிநாடா ஆகியவற்றிலிருந்து வரும் மெல்லிய மின்சைகைகளைப் பெற்று, அவற்றைத் திருத்தி, அளவுபடுத்தி, ஒலிபெருக்கியை இயக்கும் வலுவிரியலாக்கிக்கு அனுப்புவதே அதன் பணி. அது ஒலியைத் தோற்றுவிப்பதுமில்லை, அறையை நிரப்புவதுமில்லை. இடையில் நின்று ஏவல் செய்யும் கருவியாகவே அது கருதப்பட்டது.

எனினும், தனித்தனிக் கருவிகளைத் தெரிந்து இணைத்து இசைத்தொகுதியொன்றை அமைக்க முற்படும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் வினாக்கள் இப்பெட்டியைச் சுற்றியே எழுகின்றன. எக்கருவி எதனோடு பொருந்தும்? ஒன்றின் பயப்பு மற்றொன்றின் பெய்ப்புக்குப் போதுமா? நல்ல கருவிகள் இரண்டு சேர்ந்தும் நல்ல இசை பிறவாமற் போவது ஏன்? இவ்வினாக்கள் வெறும் நுட்பவியல் வினாக்கள் அல்ல. இசை எவ்வாறு ஒலிக்க வேண்டும் எனத் தீர்மானிக்கும் உரிமை உற்பத்தியாளனுக்கா, கேட்போனுக்கா உரியது என்ற வினாவும் இவற்றினுள் அடங்கியுள்ளது. முன்விரியலாக்கியின் வரலாற்றை நுணுகி நோக்கின், அது தோன்றியதற்கும் பருத்ததற்கும் உற்பத்தியாளரிடையே நிலவிய உடன்பாடின்மையும், அது மெலிந்ததற்கு அவர்கள் பின்னர் எய்திய உடன்பாடுமே முதன்மைக் காரணங்கள் என்பது புலனாகும். பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் 1925 தொடக்கம் 1980கள் வரை நிகழ்ந்த மாற்றங்களை ஆதாரமாகக் கொண்டு இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மின்முறைப் பதிவும் தவாளிப்பின் எல்லையும்

1925ஆம் ஆண்டுக்கு முன்னர் இசைத்தட்டுப் பதிவு முற்றிலும் பொறிமுறை சார்ந்ததாகவே இருந்தது. பாடகர் ஊதுகுழலொன்றின் வாயை நோக்கிப் பாட, அவ்வொலியின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகிற் கோடு கீறியது. அவ்வாண்டில் வெஸ்ரேண் இலெக்ற்றிக் நிறுவனத்தின் மின்முறைப் பதிவினை விக்டர், கொலம்பியா ஆகிய கம்பனிகள் கைக்கொண்டதோடு ஒலிவாங்கியும் வால்வு விரியலாக்கியும் பதிவுக்கூடத்துட் புகுந்தன. இதன்வழி முன்னர் பதிவாகாத தாழ்ந்த சுரங்களும் உயர்ந்த சுரங்களும் தட்டில் ஏறின. ஆயின் தட்டின் இயல்பு ஒரு தடையை விதித்தது.

வெட்டும் ஊசியின் வேகம் எல்லா மீடிறன்களிலும் ஒரே அளவாயிருப்பின், மீடிறன் பாதியாகக் குறையுந்தோறும் ஊசியின் வீச்சம் இருமடங்காகும். ஆகவே மந்த ஒலிகளை உள்ளவாறே பதிந்தால் ஒரு தவாளிப்பு அடுத்த தவாளிப்பினுட் புகுந்துவிடும். இதனைத் தவிர்க்கப் பதிவாளர் குறித்தவொரு மீடிறனுக்குக் கீழே ஒலியை வேண்டுமென்றே குறைத்தனர். பிற்காலத்தில், தட்டின் மேற்பரப்பிலிருந்து எழும் சீறலை அடக்கும்பொருட்டு உயர் மீடிறன்களை வேண்டுமென்றே கூட்டினர். கேட்கும்போது அவற்றை அதே அளவுக்குக் குறைத்தால் இசை பழைய நிலையை எய்தும், சீறலோ குறைந்துவிடும். ஆகவே தட்டில் உள்ளது இசையன்று; திட்டமிட்டுத் திரிக்கப்பட்ட இசையே. அதனை நேராக்க வேண்டுமாயின் எந்த அளவுக்குத் திரிக்கப்பட்டது என்பதைக் கேட்போனின் கருவி அறிந்திருத்தல் வேண்டும். இவ்வாறு நேராக்குதலே சமப்படுத்தல் எனப்பட்டது.

1930களில் இது பெருஞ் சிக்கலாக உணரப்படவில்லை. அக்காலத்துப் பாரமான ஊசித்தலைகள் ஏறத்தாழ ஓர் உவோற்று அளவான சைகையைத் தந்தன. வானொலிப் பெட்டியின் ஒலிப்பகுதிக்கு அதனை நேரே கொடுக்க முடிந்தது. வானொலி, இசைத்தட்டுச் சுழற்றி, விரியலாக்கி, ஒலிபெருக்கி ஆகிய அனைத்தும் அலுமாரி போன்ற ஒரே பெட்டியுள் அடங்கிய றேடியோகிராமே வசதியுள்ள இல்லங்களின் இசைக்கருவியாக விளங்கியது. அதனுள் எதனோடு எது பொருந்தும் என்பதை உற்பத்தியாளன் தீர்மானித்தான். வாங்குவோன் மரத்தின் மெருகை மாத்திரமே தெரிவு செய்தான் எனின் மிகையாகாது.

3. பகிரங்கமான அறிவு

இந்நிலையை மாற்றிய முதற் காரணி கணிதஞ் சார்ந்ததாகும். 1927 ஓகத்து 2ஆம் நாள் பெல் ஆய்வுகூடத்துப் பொறியியலாளர் ஹரல்ட் பிளக், வேலைக்குச் செல்லும் வழியில் ஹட்சன் ஆற்றைப் படகிற் கடக்கையில், எதிர்ப் பின்னூட்டற் கருத்தைத் தம் கையிலிருந்த நியூயோர்க் ரைம்ஸ் நாளேட்டின் ஒரு பக்கத்திற் குறித்துக்கொண்டார். விரியலாக்கியின் பயப்பில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கிப் பெய்ப்புக்கே மீள அனுப்பினால் நயம் குறையும். ஆனால் திரிபும் அதே விகிதத்திற் குறையும். தொலைபேசித் தொடர்களுக்கென எழுந்த இக்கருத்து 1934இல் வெளியிடப்பட்டது.

இரண்டாவது காரணி போர் சார்ந்ததாகும். இரண்டாம் உலகப் போரில் இரேடார், வானொலிப் பணிகளிற் பயிற்றப்பட்ட பல்லாயிரவர் போரின் பின் வீடு திரும்பினர். பற்றாசுக்கோலைப் பிடிக்கவும் சுற்று வரைபடத்தை வாசிக்கவும் தெரிந்த இவர்கள் பெட்டியுள் அடைத்து விற்கப்பட்ட இசையோடு அமையவில்லை. பிரித்தானியாவில் ஹரல்ட் லீக் 1945இல் வெளியிட்ட 'பொயின்ற் வண்' விரியலாக்கி, திரிபு நூற்றுக்கு 0.1 வீதமே எனப் பெயரிலேயே பறைசாற்றியது. 1947 ஏப்பிரல், மே மாதங்களில் டி. ரி. என். வில்லியம்சன் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் 15 உவாற்று வலுவுள்ள விரியலாக்கியொன்றின் முழு அமைப்பினையும் வெளியிட்டார். நிலைமாற்றியின் சுற்றுக்கள் முதலாக யாவும் அக்கட்டுரையில் இருந்தன. உலகின் பல பாகங்களிலும் இல்லத்தார் தம் கைகளாலேயே அதனை ஆக்கினர். வணிகச் சிறப்புடைய ஓர் அறிவு பொதுவுடைமையாக வைக்கப்பட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1952 ஒற்றோபரில் அதே சஞ்சிகையிற் பீற்றர் பக்சண்டோல் வெளியிட்ட மந்த, உச்ச ஒலிக் கட்டுப்பாட்டுச் சுற்றும் அவ்வாறே எல்லோருடைய உடைமையுமாயிற்று; பின்வந்த கணக்கற்ற கருவிகளின் முகப்பில் இடம்பெற்ற இரு குமிழ்களின் பின்னாலும் அச்சுற்றே இயங்கியது.

வலுவிரியலாக்கி இவ்வாறு செம்மையுற்றதும் குறை எங்குள்ளது என்பது வெளிப்பட்டது. விரியலாக்கி தெளிவாயிருக்க, அதற்குக் கொடுக்கப்படும் சைகை கலங்கியிருந்தது. வில்லியம்சனே 1949இல் இசைத்தட்டுக்குரிய முன்னிலைச் சுற்றுக்கள் பற்றித் தனியே எழுத நேர்ந்தது.

4. உடன்பாடின்மையின் உருவம்

1948 யூன் மாதத்திற் கொலம்பியா கம்பனி நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் இயங்கும் நீளிசைத் தட்டை நியூயோர்க்கில் அறிமுகஞ் செய்தது. மறு ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுத் தட்டை வெளியிட்டது. வேகப் போர் எனப் பெயர்பெற்ற இப்போட்டி பலராலும் அறியப்பட்டதாகும். அதனினும் நுண்ணிதான மற்றொரு போட்டி மக்கள் கண்ணிற் படாது நடந்தது. கொலம்பியா ஓர் அளவிலும், ஆர்.சி.ஏ. வேறோர் அளவிலும், பிரித்தானிய டெக்கா இன்னோர் அளவிலும் மந்த ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியைக் கூட்டியும் தட்டுக்களைப் பதிந்தன. ஒலிபரப்பாளர் சங்கத்திற்கென ஓர் அளவு இருந்தது. 1948இல் நிறுவப்பட்ட ஒலிப் பொறியியற் கழகம் 1951இல் தன் அளவொன்றை முன்மொழிந்தது. ஆகவே ஒரே இராகமாலிகையைப் பலர் பலவிதமாகச் சுருதி கூட்டிப் பாடுவது போன்ற நிலை ஏற்பட்டது. ஒரு கம்பனியின் தட்டுக்கெனச் செப்பஞ் செய்த கருவியில் மற்றொன்றின் தட்டு மங்கியோ கீச்சிட்டோ ஒலித்தது.

இவ்வுடன்பாடின்மையே முன்விரியலாக்கிக்கு உருவங் கொடுத்தது. நியூயோர்க்கைச் சேர்ந்த சோல் மரான்ஸ் 1950களின் தொடக்கத்தில் ஆக்கிய 'ஓடியோ கொன்சொலெற்' இதற்குத் தக்க சான்றாகும். மந்த ஒலிக்கென ஆறு நிலைகளும் உச்ச ஒலிக்கென ஆறு நிலைகளும் கொண்ட இரு ஆளிகள் அதன் முகப்பில் இருந்தன. இவற்றாற் பெறத்தக்க சேர்க்கைகள் 36. கேட்போன் ஒவ்வொரு தட்டின் உறையையும் நோக்கி, அதனைப் பதிந்த கம்பனிக்கேற்ப ஆளிகளைத் திருப்ப வேண்டியிருந்தது. அந்த முகப்பு ஒரு வரலாற்று ஆவணமெனத் தகும். கம்பனிகள் தம்முள் இணங்காமையின் சுமையைக் கேட்போனின் விரல்கள் சுமந்தன என்பதை அது எவ்விதக் கூற்றுமின்றியே உணர்த்துகின்றது.

முன்விரியலாக்கி தனிப் பெட்டியாகப் பிரிந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. நீளிசைத் தட்டின் தவாளிப்பு நுண்ணிது. பழைய தட்டின் ஊசிமுனை ஏறத்தாழ ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆரையுடையதாயிருக்க, புதியது ஆயிரத்தில் ஒரு பங்கேயாம். பாரமான ஊசித்தலை இதனைச் சிதைத்துவிடும். இலேசான காந்த ஊசித்தலைகள் இன்றியமையாதனவாயின. அவை தருவதோ சில மில்லி உவோற்று மாத்திரமே. 5 மில்லி உவோற்றை ஓர் உவோற்றாக்க 200 மடங்கு நயம் வேண்டும். அத்தோடு, குறைக்கப்பட்ட மந்த ஒலியை மீட்கும்போது பிரித்தானிய மின்வழங்கலின் மீடிறனாகிய 50 ஏட்சில் இந்நயம் மேலும் ஏறத்தாழ ஏழு மடங்கு உயரும். வலு நிலைமாற்றியின் காந்தப்புலத்திலிருந்து எழும் ரீங்காரம் சரியாக இம்மீடிறனிலேயே உள்ளது. ஆகவே நுண்சைகையைக் கையாளும் பகுதியைப் பாரமும் வெப்பமும் மிக்க வலுவிரியலாக்கியிலிருந்து விலக்கி வைப்பது தேவையாயிற்று. வலுவிரியலாக்கி அலுமாரியின் அடித்தட்டிற்குச் சென்றது. கட்டுப்பாட்டுப் பெட்டி கைக்கெட்டும் இடத்திற்கு வந்தது. பீற்றர் வோக்கரின் அக்கூஸ்ரிக்கல் கம்பனி ஹண்டிங்டனிலிருந்து 1953இல் வெளியிட்ட குவாட் II வலுவிரியலாக்கியும் அதற்குரிய கட்டுப்பாட்டுப் பெட்டியும் இவ்வமைப்பின் செவ்விய வடிவமாகும். ஊசித்தலையின் வகைக்கேற்பச் செருகி மாற்றத்தக்க சிறு பகுதியொன்றும் அப்பெட்டியில் இருந்தது.

5. உடன்பாடும் அதன் விளைவும்

1952இல் உருவான அமெரிக்க இசைத்தட்டுக் கைத்தொழிற் சங்கம் 1954இல் பொதுவான பதிவளவொன்றை ஏற்றுக்கொண்டது. ஆர்.சி.ஏ. கம்பனி அதற்குச் சற்றுமுன் கையாளத் தொடங்கிய அளவே அதன் அடிப்படை. 500 ஏட்சுக்குக் கீழே மந்த ஒலி குறையும். 50 ஏட்சுக்குக் கீழே அக்குறைப்பு நின்றுவிடும். 2122 ஏட்சுக்கு மேலே உச்ச ஒலி கூடும். கேட்கும் கருவியின் சமப்படுத்தல் இதற்கு நேர்மாறாயிருத்தல் வேண்டும். 1000 ஏட்சை அடிப்படையாகக் கொள்ளின், 20 ஏட்சில் ஏறத்தாழ 19.3 தெசிபல் கூட்டவும் 20,000 ஏட்சில் 19.6 தெசிபல் குறைக்கவும் வேண்டும். இச்சில எண்களிற் பிறந்த உடன்பாட்டினால், புதிய தட்டுக்களைப் பொறுத்தவரை 36 சேர்க்கைகள் ஒன்றாகச் சுருங்கின. பழைய தட்டுக்களைச் சேர்த்து வைத்திருந்தோர் மாத்திரம் பழைய ஆளிகளின் தேவையைத் தொடர்ந்து உணர்ந்தனர்.

இப்பட்டறிவு வீண்போகவில்லை என்பதை ஸ்டீரியோ இசைத்தட்டின் வரலாறு காட்டும். ஸ்டீரியோக் கருத்து புதிதன்று. ஈ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியியலாளர் அலன் புளும்லைன் 1931 திசெம்பரில் விண்ணப்பித்த காப்புரிமையிலேயே ஒரே தவாளிப்பின் இரு சுவர்களில் இரு வழிகளைப் பதியும் முறை விளக்கப்பட்டிருந்தது. 1942இல், இரேடார் சோதனையின்போது நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிர்நீத்தார். அவரது காப்புரிமைக் காலம் முடிவடைந்த பின்னரே அம்முறை வணிக வாழ்வு பெற்றது. 1957இல் வெஸ்ரெக்ஸ் நிறுவனம் சுவரொன்று 45 பாகையாகச் சாய்ந்த இம்முறையை முன்வைத்தது; டெக்காவோ ஒரு வழியைக் கிடையாகவும் மற்றதை நிலைக்குத்தாகவும் பதியும் வேறொரு முறையைக் கொண்டிருந்தது. பத்தாண்டுகளுக்கு முன்னராயின் இரண்டும் சந்தைக்கு வந்து மோதியிருக்கும். இம்முறை கம்பனிகள் பெருமளவில் விற்கத் தொடங்குமுன்னரே உடன்பட்டன; 45 பாகை முறை ஏற்கப்பட்டது. 1958இல் ஸ்டீரியோத் தட்டுக்கள் பரவலாக விற்பனைக்கு வந்தபோது கேட்போன் எம்முறைக்குரிய ஊசித்தலையை வாங்குவது என ஐயுற வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் ஸ்டீரியோ முன்விரியலாக்கிக்குப் புதிய பணியொன்றைத் தந்தது. இரு வழிகளும் ஒன்றையொன்று ஒத்திருத்தல் வேண்டும். ஒலியளவுக் குமிழைத் திருப்புகையில் ஒரு வழி மற்றதனை முந்துமாயின் பாடகரின் இருப்பிடம் இடமோ வலமோ நகரும். சமநிலைக் கட்டுப்பாடு இக்காரணத்தாலேயே முகப்பிற் சேர்ந்தது. மரான்ஸ் நிறுவனத்தின் ஏழாம் இலக்க முன்விரியலாக்கியும் குவாட் நிறுவனத்தின் 22ஆம் இலக்கப் பெட்டியும் 1950களின் இறுதியில் இத்தேவையை நிறைவு செய்ய எழுந்தவையே.

6. பொருத்தம் என்னும் சொல்லின் இரு பொருள்

கருவிகளைப் பொருத்துதல் பற்றிய பேச்சில் நீண்டகாலமாக ஒரு மயக்கம் நிலவி வந்துள்ளது. அதன் மூலத்தையும் வரலாற்றிலேயே காணலாம். தொலைபேசிப் பொறியியலில், நீண்ட தொடரின் இரு முனைகளிலும் தடங்கல் சமமாயிருத்தல் விதி. 600 ஓம் என்பது அங்கு வழக்கமான அளவு. சமமாயிருக்கும்போதே வலு உச்ச அளவிற் கடத்தப்படும். தொடரின் முனையில் அலை தெறித்து எதிரொலியாகத் திரும்புவதும் தவிர்க்கப்படும். ஒலிபரப்பு நிலையங்கள் தொலைபேசித் தொடர்களையே பயன்படுத்தியமையால் இவ்விதி அங்கும் புகுந்தது. ஒலிக்கருவிகளை ஆக்கியோர் பலர் இப்பள்ளியிற் பயின்றோர். ஆகவே பொருத்தம் என்றால் சமன் என்னும் எண்ணம் வேரூன்றியது.

சில அடி நீள வடத்தால் இணைக்கப்படும் இல்லத்துக் கருவிகளின் தேவை வேறாகும். இங்கு கடத்த வேண்டுவது வலுவன்று, உவோற்றளவே. இரு தடங்கல்களும் சமமாயின் உவோற்றளவிற் பாதி, அதாவது 6 தெசிபல், முதற் கருவியுள்ளேயே வீணாகும். பெய்ப்புத் தடங்கல் பயப்புத் தடங்கலின் பத்து மடங்காயின் இழப்பு ஒரு தெசிபலுக்கும் குறைவு. எண்ணுக்கெண் ஒத்திருப்பதே பொருத்தம் என்பது இங்கு பொருந்தாது. கொடுப்பது தாழ்ந்த தடங்கலுடையதாயும் கொள்வது உயர்ந்த தடங்கலுடையதாயும் இருத்தலே இவ்விடத்துப் பொருத்தம்.

வடத்தின் கொள்ளளவமும் இவ்விதியை வலியுறுத்துகின்றது. 300 பிக்கோபரட் கொள்ளளவமுடைய வடத்தை 50,000 ஓம் பயப்புத் தடங்கலுடைய வால்வுக் கட்டம் இயக்குமாயின் ஏறத்தாழ 10,600 ஏட்சிலேயே உச்ச ஒலி 3 தெசிபல் வீழ்ந்துவிடும். பயப்புத் தடங்கல் 1000 ஓமாயின் அவ்வீழ்ச்சி 530,000 ஏட்சில், அதாவது செவிக்கெட்டாத் தொலைவில், நிகழும். வால்வுக் கால முன்விரியலாக்கிகள் பலவற்றின் இறுதியில் நயம் எதுவும் தராத ஒரு கட்டம் சேர்க்கப்பட்டமைக்கு இதுவே காரணம். அது சைகையை உயர்த்தவில்லை. வடத்தைத் தாண்டும் ஆற்றலை மாத்திரம் அதற்கு அளித்தது.

உவோற்றளவுப் பொருத்தத்திற்குக் குவாட் நிறுவனத்தின் இரு தலைமுறைக் கருவிகளே தக்க எடுத்துக்காட்டாகும். 1953ஆம் ஆண்டுக் குவாட் II, தன் 15 உவாற்று வலுவை முழுமையாகத் தர 1.4 உவோற்றுப் பெய்ப்பை வேண்டியது. 1967இல் அதே நிறுவனம் வெளியிட்ட திரான்சிற்றர் முன்விரியலாக்கியாகிய 33இன் நியமப் பயப்போ 0.5 உவோற்றே, அதனோடு பிறந்த 303 வலுவிரியலாக்கிக்கு அதுவே போதும். 33ஐப் பழைய குவாட் II உடன் இணைப்பின், நியமப் பயப்பிற் கிடைக்கும் வலு 2 உவாற்றையும் எட்டாது. வலு உவோற்றளவின் வர்க்கத்தைப் பின்பற்றுவதே இதற்குக் காரணம். இரண்டும் சிறந்த கருவிகள். ஒரே கூடத்திற் பிறந்தவை. எனினும் ஒன்றுக்கொன்று இயல்பான துணையல்ல. தனிக்கருவியின் தரம் வேறு, தொகுதியின் தரம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

7. ஒலிபெருக்கியிலிருந்து பின்னோக்கி

1954இல் அமெரிக்கரான எட்கார் வில்சூர் முற்றாக மூடிய சிறு பெட்டியுள் அடங்கிய காற்றையே வில்லாகக் கொண்டு இயங்கும் ஒலிபெருக்கியை வெளியிட்டார். பெரும் அலுமாரியளவான பெட்டிகள் தந்த மந்த ஒலியை அது புத்தகத் தட்டில் வைக்கத்தக்க அளவினுள் தந்தது. நான்கு ஆண்டுகளின் பின் ஸ்டீரியோவுக்கு ஒன்றுக்கு இரண்டு ஒலிபெருக்கிகள் தேவைப்பட்டபோது சிறு பெட்டிகளின் பயன் மேலும் புலனாயிற்று. ஆனால் இவ்வசதிக்கு விலையொன்றும் இருந்தது: அதன் உணர்திறன் குறைவு. ஒரே உரப்பைப் பெற 3 தெசிபல் குறைந்த ஒலிபெருக்கிக்கு இருமடங்கு வலுவும், 10 தெசிபல் குறைந்ததற்குப் பத்து மடங்கு வலுவும் வேண்டும். ஒன்றிற்கு 5 உவாற்று அமையுமாயின் மற்றதற்கு 50 உவாற்று தேவை. 1947இல் போதுமெனக் கருதப்பட்ட 15 உவாற்று 1960களிற் போதாமற் போனமைக்கு ஒலிபெருக்கியில் நிகழ்ந்த இம்மாற்றம் ஒரு காரணமாகும். 1947 திசெம்பரிற் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிற்றர், பாரமான பயப்பு நிலைமாற்றியை நீக்கி, மிகுந்த வலுவைச் சிறு பெட்டியுள் அடக்க வழிவகுத்தமை இத்தேவையோடு இயைந்தது.

வலுவைப் பற்றிய பேச்சு வணிகரின் கைக்குச் சென்றதும் எண்கள் பொருளிழந்தன. கணநேரம் மாத்திரம் தரத்தக்க உச்ச வலுவைச் சிலர் விளம்பரஞ் செய்தனர்; அளக்கும் முறையை ஒருவரும் மற்றவர் போல் மேற்கொள்ளவில்லை. இசைத்தட்டின் பதிவளவில் முன்னர் நிகழ்ந்ததே இங்கும் மீள நிகழ்ந்தது. இறுதியில் 1974இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு, தொடர்ச்சியான வலுவை, மீடிறன் எல்லையும் திரிபும் குறிப்பிட்டே அறிவிக்க வேண்டுமென விதித்தது. உற்பத்தியாளர் தாமாக எய்தாத உடன்பாட்டை அரசு சட்டத்தால் எய்துவித்தது எனலாம்.

மேற்கூறியவற்றிலிருந்து தெரிவுக்குரிய ஒழுங்கொன்று இயல்பாகவே வெளிப்படுகின்றது. முதலில் அறையும், அதற்கேற்ற ஒலிபெருக்கியும் நோக்கற்பாலன. அதன் உணர்திறன் வேண்டிய வலுவைத் தீர்மானிக்கும். அதன் தடங்கல் எத்தகைய மின்னோட்டத்தை வலுவிரியலாக்கி வழங்க வேண்டுமெனக் காட்டும். வலுவிரியலாக்கியின் பெய்ப்பு உணர்திறன் முன்விரியலாக்கி தரவேண்டிய உவோற்றளவைக் கூறும். முன்விரியலாக்கியின் நயமும் இரைச்சலும் ஊசித்தலையின் பயப்பை நோக்கித் தீர்மானிக்கப்படும். அசையும் காந்த ஊசித்தலை சில மில்லி உவோற்றைத் தந்து 47,000 ஓம் பெய்ப்புத் தடங்கலை எதிர்பார்க்கும். அசையும் சுருள் வகைகளிற் பலவோ அதன் பத்திலொரு பங்கையும் தராதவையாதலின் மேலுமொரு விரியலாக்கக் கட்டத்தையோ நிலைமாற்றியையோ வேண்டும். இசை ஊசியிலிருந்து ஒலிபெருக்கியை நோக்கிச் செல்கின்றது. தெரிவு ஒலிபெருக்கியிலிருந்து ஊசியை நோக்கிச் செல்லுதல் வேண்டும். விலைமிக்க பெட்டியொன்றை முதலில் வாங்கி, அதற்குத் துணை தேடுவோர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்குகின்றனர்.

இவ்வளவும் எண்களால் அமையுமாயின் செவிக்கு இடம் யாது என ஒருவர் வினவலாம். இவ்வினாவும் வரலாற்றில் எழுந்ததே. 1978இல் ஜேம்ஸ் மொயர் குவாட் நிறுவனத்தின் மூன்று தலைமுறை வலுவிரியலாக்கிகளை, எது எதுவெனக் கேட்போருக்குத் தெரியாதவாறு ஒப்பிட்டுக் கேட்பித்தார். புள்ளிவிவர அடிப்படையிற் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதனையும் கேட்போர் கண்டறியவில்லை. இச்சோதனை விவாதத்தை முடித்துவிடவில்லை. எனினும் சரிவரப் பொருத்தப்பட்டு, தம் எல்லைக்குள் இயங்கும் நற்கருவிகளிடையே உள்ள வேறுபாடு விளம்பரங்கள் கூறும் அளவினதன்று என்பதை அது உணர்த்திற்று. செவியின் பணி இதனால் மறுக்கப்படவில்லை. பெயரையும் விலையையும் அறியாதவாறு கேட்கும் செவியே நம்பத்தக்கது என்பது மாத்திரம் வற்புறுத்தப்பட்டது.

8. முடிபுரை

1982 ஒற்றோபரில் யப்பானிலும், மறு ஆண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும், சோனி, பிலிப்ஸ் நிறுவனங்களின் இறுவட்டு விற்பனைக்கு வந்தது. அதற்குரிய நியமம் சந்தைக்கு வருமுன்னரே இரு நிறுவனங்களாலும் இணைந்து வகுக்கப்பட்டது. இறுவட்டுக் கருவி ஏறத்தாழ 2 உவோற்றைத் தாழ்ந்த தடங்கலில் நேரே தந்தது. சமப்படுத்தல் தேவையில்லை, விரியலாக்கமும் பெரும்பாலும் தேவையில்லை. முன்விரியலாக்கியின் முகப்பிலிருந்து ஆளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஊசித்தலைக்குரிய பெய்ப்பே இல்லாத முன்விரியலாக்கிகளும் தோன்றின. இசைத்தட்டு மீண்டும் விரும்பப்படலானபோது, அப்பணி தனியொரு சிறு பெட்டியாக மறுபடியும் பிரிந்து வந்தது. மூலத்தைத் தெரிதல், ஒலியளவைத் தீர்மானித்தல் ஆகிய இரண்டுமே முன்விரியலாக்கியிடம் எஞ்சிய நிலையான பணிகளாயின.

ஆயின் இவ்வீழ்ச்சியைத் தோல்வியெனக் கொள்ளலாகாது. உடன்பாடின்மையின் சுமையைக் கேட்போனுக்காகச் சுமக்கவே அப்பெட்டி பிறந்தது. உடன்பாடு வளர வளர அதன் சுமை குறைந்தது. பொது நியமம் தனித்தன்மையை அழிக்கும் எனச் சிலர் அஞ்சுவர். இவ்வரலாறு காட்டுவது அதற்கு மாறானதாகும். நியமம் இல்லாதிருந்த காலத்தில் அலுமாரிப் பெட்டியுள் அடைத்த தெரிவற்ற இசையே பெரும்பாலோருக்குக் கிடைத்தது. நியமம் தோன்றிய பின்னரே ஹண்டிங்டனில் ஆக்கிய விரியலாக்கியையும் அமெரிக்காவில் ஆக்கிய ஒலிபெருக்கியையும் ஒருவர் தம் வீட்டில் அச்சமின்றி இணைக்க முடிந்தது. சிறு தொகையினரான கைவினைஞரும் பெருங் கம்பனிகளோடு ஒரே மேசையில் இடம்பெற முடிந்ததும் அதனாலேயாம்.

இவ்வுடன்பாடு எவரும் அருளிய கொடையன்று. தம் சுற்றுக்களை மறையாது வெளியிட்ட வில்லியம்சனும் பக்சண்டோலும், அவற்றைப் பயின்று தம் கையால் ஆக்கிப் பார்த்த ஆயிரக்கணக்கானோரும் எழுப்பிய வினாக்களே உற்பத்தியாளரை உடன்பாட்டை நோக்கி நகர்த்தியவற்றுள் முதன்மையானவை. கருவியின் பின்புறத்தில் அச்சிடப்பட்ட எண்களை வாசிக்கத் தெரிந்தவனே தெரிவு செய்யும் உரிமையை உண்மையில் உடையவன். அவ்வெண்களை வாசியாதவன் எத்துணை விலை கொடுத்தாலும் அவனுக்காகப் பிறரே தெரிவு செய்கின்றனர்.